மலையேறிய உப்புத் தண்ணீர்

எங்கள் வீட்டு மீன் தொட்டியின் கண்ணாடியை நான் துடைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. சோம்பேறி என்று நினைப்பவர்கள் மலைமேல் இருக்கும் எங்கள் ஜமுனாமரத்தூருக்கு வந்து பார்க்கலாம். உள்ளே மீன் கண் சிமிட்டினாலும் தெரியும், மீனுக்கு இமை இருந்தால். அப்படி ஒரு சுத்தம். நான்கு நத்தைகள் செய்கிற வேலை அது. அந்த நத்தைகளை உயிரோடு வைத்திருப்பவள் நான். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கூச்சமும் கிடையாது.

தொட்டி முதலில் என் வீட்டுக்காரருடையது. சாமையும் புளியும் ஏற்றிக்கொண்டு கீழே போகிற சின்ன லாரி ஓட்டுகிறார். வேலூரிலிருந்து ஒருமுறை தொட்டியும் கப்பி மீன்களும் வாங்கி வந்தார். சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் என்னிடம் பேசுவதற்கு முன் அவற்றிடம் போய் உட்கார்ந்துவிடுவார். நானோ ஜன்னல் பக்கம் தையல் மெஷினோடு இருப்பவள். அதே ஜன்னல் வெயிலில் தொட்டி பாசி பிடித்துப் பச்சையாகிவிடும். வாரம் இரண்டு முறை தேய்த்தது நான்தான். கை வலிக்கிறது என்று கத்தியதில் அந்த நான்கு வரி நத்தைகளை வாங்கி வந்தார். கருப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட ஓடு. பத்தே நாளில் கண்ணாடி பளிச்சென்று ஆனது. ஆனால் கண்ணாடியெல்லாம் எள் போல வெள்ளை முட்டைகளை ஒட்டி வைத்தன. நல்ல தண்ணீரில் அவை பொரிக்காது என்று கடைக்காரர் சொன்னாராம். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு மாதத்தில் ஓடுகளின் சுருள் வெளுக்க ஆரம்பித்தது. கோடு அழிந்து, சுண்ணாம்புச் சுவர் பெயர்ந்தாற்போல் குழி விழுந்தது. ஓட்டுக்குச் சுண்ணாம்புதானே வேண்டும் என்று எனக்கு ஒரு ஞானோதயம். வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு நெல்லிக்காய் அளவு கரைத்து ஊற்றினேன். யாரையும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் நான்கு நத்தைகளும் விறுவிறுவென்று தண்ணீருக்கு மேலே ஏறிக் கண்ணாடி விளிம்பில் ஒட்டிக்கொண்டன. தெம்பு வந்துவிட்டது என்று நினைத்து அவரைக் கூப்பிட்டுக் காட்டி வேறு பெருமைப்பட்டேன். உயிர் தப்பிக்கத்தான் ஏறின என்பது காலையில் புரிந்தது. மீன்கள் எல்லாம் சுண்ணாம்பின் காரம் தாங்காமல் செத்து மிதந்தன.

அவர் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவரோ மீன்களை அள்ளிக் கொல்லையில் புதைத்துவிட்டு வந்தார்.

"இனிமே நம்ம வூட்ல மீன் வேணாம். தொட்டிய யார்னா கேட்டா குட்த்துடு" என்றார்.

"நத்தைங்க உயிரோட கீதுங்களே. அதுங்கள நான் காப்பாத்திக் காட்டறேன். அதுவரைக்கும் தொட்டி இருக்கட்டும்ங்க" என்றேன். தொட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் அந்தப் பக்கம் போவதை மட்டும் நிறுத்திவிட்டார். சாயங்காலம் வந்தால் வாசலில் உட்கார்ந்து போனைப் பார்ப்பார். அது என்னை அறுத்தது.

விடை கிடைத்தது கண்ணமங்கலத்தில், என் அம்மா வீட்டுப் பாத்திரம் துலக்கும் இடத்தில். அந்த ஊர் போர் தண்ணீர் ஒரே உப்பு, வாயில் வைக்க முடியாது. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, குண்டானில் வெள்ளைக் காரை பிடித்துவிடும். அதிலிருந்து தப்பித்து மலைத் தண்ணீருக்கு வாழ்க்கைப்பட்டேன் என்று பீற்றிக்கொண்டவள் நான். அன்று குண்டானைச் சுரண்டும்போது நகத்தில் ஒட்டிய காரையைப் பார்த்தேன். நத்தை ஓடும் இதே சுண்ணாம்புச் சரக்குதானே? எங்கள் ஊற்றுத் தண்ணீரில் இது துளியும் இல்லை. அதனால்தான் ஓடு கரைகிறது.

ஒரு கேன் நிறைய உப்புத் தண்ணீர் பிடித்து பஸ் ஏறினேன். ஊரே மலையிலிருந்து தண்ணீர் பிடித்துக் கீழே கொண்டுபோகும். கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, மலைக்கே தண்ணியா?"

"குடிக்கறதுக்கு இல்லீங்க, நத்தைக்கு."

பஸ் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும் என்று கேனை மடிக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன்.

இந்த முறை அவசரப்படவில்லை. ஒரு டப்பாவில் ஒரு பங்கு உப்புத் தண்ணீரும் மூன்று பங்கு ஊற்றுத் தண்ணீரும் கலந்து, ஒரே ஒரு நத்தையை விட்டு இரண்டு நாள் பார்த்தேன். மேலே ஏறவில்லை. அடியிலேயே நிம்மதியாக ஊர்ந்தது. பிறகுதான் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். அடுத்தடுத்து ஊருக்குப் போகும்போதெல்லாம் கேனும் கூடவே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் நான்கு ஓடுகளின் வாயோரத்திலும் புதிதாக ஒரு பட்டை வளர்ந்திருந்தது. கருப்பும் மஞ்சளும், பெயிண்ட் காயாதது போல. மெஷினை நிறுத்திவிட்டு அழுதேன். அவரிடம் சொல்லவில்லை. கண் இருந்தால் அவரே பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

போன மாதம் அவருடைய பெரியப்பா மகன் வந்திருந்தார். மூலத்தால் அவதிப்படுகிறவர். எங்கள் பக்கத்தில் அதற்கு நத்தைக் கறிதான் மருந்து. தொட்டியைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது.

"நல்லா கொழுகொழுன்னு கீதே. ரெண்டு குடேன்மா" என்று கையை உள்ளே விடப் போனார்.

நான் எழுந்திருப்பதற்குள் வாசலிலிருந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, வேற இன்னா வேணா கேளு, இத்த கேக்காத. வெள்ளையா கீது பாரு, அது நம்ம மலைத் தண்ணி தின்னது. ஓரத்துல பளபளன்னு கீதே, அது இவ வளத்தது. பஸ்ஸுல தண்ணி தூக்கியாந்து வளத்தா."

அண்ணன் போகும்வரை காத்திருந்தார். பிறகு தொட்டி முன்னால் உட்கார்ந்தார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

"இந்தத் தண்ணில மீன் உட்டா பொழைக்குமா?" என்று என்னைக் கேட்டார். என்னை!

"பொழைக்கும். முதல்ல நீங்க கண்ணமங்கலம் போய் ரெண்டு கேன் தண்ணி புடிச்சினு வாங்க. அப்புறம் மீனப் பத்திப் பேசலாம்" என்றேன், தைத்த துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் லோடு இல்லாத வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு சொன்னேன், நான்கு கேன் கொண்டு வந்தார்.