ஏஜென்ட் சட்டையில் ஒரு பிசிறு

இன்று எம்.பி. தேர்தலுக்கு ஓட்டுப் போட நல்லூர்ப் பள்ளிக்கூடம் போயிருந்தேன். வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் செல்வி அக்கா. சாத்தூர்க்காரர். இந்த ஊரில் இதுதான் அவருக்கு முதல் ஓட்டு.

அக்காவின் விரலில் மை வைத்தார்கள். மெஷினுக்குப் போகும் வழியில் ஒரு கட்சி ஏஜென்ட், மொடமொடப்பான புது வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு நூல் பிசிறு.

நாளெல்லாம் பனியனில் பிசிறு எடுக்கிற கை சும்மா இருக்குமா? அக்கா நின்று அதைக் கிள்ளி எடுத்துவிட்டார். மை காயாத விரலால்.

வெள்ளைத் தோளில் பளிச்சென்று ஊதாக் கறை.

அக்காவுக்கு முகமே வெளிறிவிட்டது. "அய்யோ அண்ணாச்சி, கைப்பழக்கத்துல செஞ்சுட்டேன். என்னைய ஓட்டுப் போட விடுவாகளா?"

அவர் தோளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "நீங்க போய்ப் போடுங்க அக்கா. என்ற சட்டை உங்களுக்கு முன்னாலயே போட்டுருச்சுங்க."

பக்கத்தில் இருந்த எதிர்க்கட்சி ஏஜென்ட் விடவில்லை. "அது எங்களுக்குத்தானுங்க போட்டிருக்கும்!"

பூத்தே சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே போய் பட்டனை அழுத்தினார்.

அந்த மை எந்தச் சோப்புக்கும் போகாது. தோளில் ஒரு பெண்ணின் விரல் தடத்தோடு வீட்டுக்குப் போன மனிதர், வாசலில் என்ன சொல்லிச் சமாளித்திருப்பார்?

கல்யாணமான ஆண்கள் பதில் சொல்லலாம்.