யாரோடும் அனுப்புவதில்லை

உபாத்தியாயினி வேலையில் பாடம் சொல்லிக்கொடுப்பது பாதிதான். காலையில் வந்த பிள்ளைகள் சாயங்காலம் முழுசாக வீடு போய்ச் சேரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது மீதி. இந்த வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து எட்டொன்பது வருஷம் ஆகியிருந்த சமயம். பாளையங்கோட்டை மிஷனில் பயிற்சி முடித்த கையோடு என்னைத் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பெண் பள்ளிக்கு அனுப்பினார்கள். நாற்பது சிறுமிகள், நான் ஒருத்தி, அப்புறம் பிச்சம்மாள். பெரிய வீட்டுப் பெண் குழந்தைகள் தனியே தெருவில் நடக்கமாட்டார்கள். அதனால் வீடு வீடாகப் போய் அவர்களைக் கூட்டி வந்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவதற்கென்றே பிச்சம்மாளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தோம்.

காப்பு

கோமதிக்கு ஏழு வயசு. வயலும் தோப்பும் உள்ள சைவ வீட்டுப் பிள்ளை. இரண்டு கையிலும் தங்கக் காப்பு, கழுத்தில் அட்டிகை, காலில் வெள்ளித் தண்டை. நகைக்காகப் பிள்ளையைக் கிணற்றில் தள்ளிவிட்டான் என்று அந்த நாளில் அடிக்கடி காதில் விழும். அவள் குனிந்து சிலேட்டில் எழுதும்போதெல்லாம் எனக்கு எழுத்து கண்ணில் படாது, காப்புதான் படும்.

ஒரு நாள் துணிந்து அவள் வீட்டுக்கே போனேன். வாசற்படிக்கு வெளியே நின்றபடி, நகையைக் கழற்றிவிட்டு அனுப்பச் சொன்னேன். அவளுடைய தாத்தா கோபப்படவில்லை. மோர் கொடுக்கச் சொல்லிவிட்டு, "கழட்டிட்டு அனுப்புனா வீடு நொடிச்சுப் போச்சுன்னுல்லா ஊர் பேசும்? பிள்ளையப் பாத்துக்கிடத்தான நீங்க இருக்கீய?" என்றார்.

தாய்மாமன்

இரண்டு மாசம் கழித்து ஒரு மத்தியானம், பிச்சம்மாள் சாப்பிடப் போயிருந்த நேரம். நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் வந்து நின்றார். தான் கோமதிக்குத் தாய்மாமன் என்றும், அம்பாசமுத்திரத்திலிருந்து வருவதாகவும், பெரியவர் மூச்சு முட்டிக் கிடப்பதாகவும், பேத்தியைக் கேட்பதாகவும் சொன்னார். தாத்தா பேர், அப்பா பேர் எல்லாம் சரியாக இருந்தது. பெரிய வீட்டு மனிதரை, அதுவும் இப்படி ஒரு செய்தியோடு வந்தவரை, வேதக்காரி, கிறிஸ்தவப் பெண் ஒருத்தி நிறுத்திக் கேள்வி கேட்கலாமா என்று எனக்குக் கூச்சம். கோமதியின் பின்னலை நானே சரி செய்து அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

வீடு கிழக்கே. அந்த ஆள் அவளை வாய்க்கால் கரையோடு மேற்கே இழுத்துக்கொண்டு போனதைத் திரும்பி வந்த பிச்சம்மாள் பார்த்துவிட்டாள். அவள் போட்ட சத்தத்தில் நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் சேற்றுக்காலோடு ஓடிவந்தார்கள். அவன் ஒரு காப்பை உருவிக்கொண்டு ஓடிவிட்டான். பிள்ளையின் மணிக்கட்டில் தோல் வழன்றிருந்தது. மடியில் வைத்து எண்ணெய் தடவிக்கொண்டே, "தெரியாத ஆளு என்று ஏன் அம்மா நீ சொல்லவில்லை?" என்று கேட்டேன். அழுகையை அடக்கிக்கொண்டு அவள் சொன்னாள்: "நீங்கதான டீச்சர் அவுககூடப் போன்னு சொன்னீய."

சட்டம்

அன்றைக்குப் போட்டேன் சட்டம். பிச்சம்மாளைத் தவிர, அல்லது எனக்கு முகம் தெரிந்த அந்தந்த வீட்டுப் பெண்ணைத் தவிர, யாரோடும் பிள்ளையை அனுப்புவதில்லை. பேட்டையில் ஒரு கல்யாணத்துக்காக மகளைக் கூட்டிப்போக வந்த தகப்பனாரையே பிச்சம்மாள் வரும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்த்தி வைத்தேன். பட்டுக்கரை வேட்டி புழுதியானதும் அவர் பொறுமை போய்விட்டது: "பெத்தவன நம்ப மாட்டீய, பிச்சம்மாள நம்புவீய! நல்லாருக்கும்மா ஒங்க நியாயம்!"

சித்தப்பா

மறு வருஷம் ஐப்பசி. விடாத மழை. பிச்சம்மாள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் காலையில் நானே பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தேன். பதினோரு மணிக்குச் சொட்டச் சொட்ட நனைந்து ஒருவர் வந்தார். கோமதிக்குச் சித்தப்பாவாம். கொழும்பிலிருந்து அன்றைக்குக் காலையில், பிள்ளை பள்ளிக்குக் கிளம்பிய பிறகுதான் வந்து சேர்ந்தாராம். பெரியவருக்கு மூச்சு முட்டுகிறது, பேத்தியைக் கேட்கிறார் என்றார். அதே சொற்கள். கோமதியைக் கேட்டேன், தெரியாது என்று தலையாட்டினாள். அவள் பிறக்கும் முன்பே கப்பலேறியவரை அவளுக்கு எப்படித் தெரியும்? அனுப்ப முடியாது என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார், அழுதார். கூடவே போகலாம் என்றால் மற்ற முப்பத்தொன்பது பிள்ளைகளை யாரிடம் விடுவது? கதவைத் தாழிட்டேன்.

வாய்க்காலை உடைத்து ரோட்டில் ஓடிய தண்ணீரைத் தாண்டிப் போய், வீட்டுச் சமையற்காரம்மாளைக் கூட்டிக்கொண்டு அவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. கோமதி வீடு போய்ச் சேர்ந்தபோது பெரியவர் போய்விட்டிருந்தார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் கோமதியின் தாயார் அவளைக் கையில் பிடித்துக்கொண்டு தானே பள்ளிக்கு வந்தார். பேரை எடுக்கத்தான் வருகிறார் என்று பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றேன். அவர் மகளை அவள் இடத்தில் உட்கார வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாமா, பேத்தி வாராளான்னு வாசலயே பாத்துக்கிட்டுப் போய்ச் சேந்தாவ. அது எனக்கு ஆறாது, டீச்சர். ஆனா நாளைக்கும் எவன் வந்து கேட்டாலும் இவள அனுப்பிராதீய."

ஆளை நம்பி ஒரு தப்பு, நம்பாமல் ஒரு தப்பு என்று இரண்டையும் செய்து முடித்துவிட்டேன். மூன்றாவது வழி ஒன்று உங்களில் யாருக்காவது தெரிந்தால், நான் ஓய்வு பெறுவதற்குள் ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.