ஏழாம் நம்பர் கேபினில் தெரிந்த தீவு

ஒரு புகார் போதும்

"இஞ்ச பார் பிள்ளை. ஒரு பொம்பிளை வந்து என்னட்ட முறைப்பாடு சொன்னாலும் உனக்கு அடுத்த பயணம் இல்லை. விளங்கிச்சோ?"

நான் கப்பல் வேலைக்குப் போன முதல் நாள் பர்சர் எனக்குச் சொன்ன வரவேற்பு வார்த்தை இதுதான். பர்சர் என்றால் கப்பலில் கணக்கும் கேபின்களும் பார்க்கிற அதிகாரி. எங்கள் பர்சர் யாழ்ப்பாணத்துக்காரர். பிரிக்பீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. மாதா கோயிலுக்குப் போகும் வழியில் பார்த்தால் தலையசைப்பார். கப்பலில் ஏறிவிட்டால் என்னை யாரென்றே தெரியாது.

மலாயாவில் ரப்பர் விலை தரையில் கிடந்த காலம் அது. செந்தூல் ரயில்வே வொர்க்‌ஷாப்பில் என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு வேலை நாட்களைக் குறைத்திருந்தார்கள். துரைமார்களின் கையும் சுருங்கிப் போனதால் கரையோரக் கப்பல்களில் முதல் வகுப்புக் கேபின்கள் காலியாகவே ஓடின. சும்மா ஓட்டுவதற்கு உல்லாசப் பயணமாவது விடலாம் என்று கம்பெனி நினைத்தது. சனிக்கிழமை மாலை போர்ட் சுவெட்டன்ஹாமில் ஏறினால், விடியும்போது பங்கோர் தீவுக்கும் லூமுட் கரைக்கும் நடுவில் உள்ள வளைகுடாவில் நங்கூரம். விருப்பமுள்ளவர்கள் படகில் தீவுக்குப் போய் வரலாம். மதிய விருந்து முடிந்ததும் கப்பல் திரும்பும். மேல் டெக்கில் காகித விளக்கு, கிராமபோன், நடனம், ஐஸ் போட்ட பானங்கள் எல்லாம் உண்டு. காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் முதல் வகுப்பில் ஏறலாம் என்று ஆனதும் அப்போதுதான். பெண்கள் வருவதால் அவர்களைக் கவனிக்க ஒரு ஸ்டூவர்டஸ், அதாவது பணிப்பெண், தேவைப்பட்டாள். கான்வென்டில் கற்ற இங்கிலீஷும் பாசார்ச் சந்தையில் கற்ற மலாயும் இருந்ததால் அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

"கப்பல்ல போயி மெத்தை விரிக்கிறதுக்குச் சம்பளமா?" என்று அந்தோணி கேட்டார். "வீட்டுல சும்மாதானே விரிக்கிற."

"வீட்டுல யாரும் பெல் அடிச்சுக் கூப்புடுறதில்லல்ல, அதுக்குத்தான் சம்பளம்" என்றேன்.

நிரந்தரமாக வைத்துக்கொள்வார்களா என்பது பர்சர் கையில் இருந்தது. அடுப்பு எரிவது என் சம்பளத்தில் என்று ஆகிவிட்டதால் நான் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தேன்.

வளையலுக்குப் பதில்

இரண்டாவது பயணத்தில்தான் கதீஜா பீவி வந்தார். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயரின் மனைவி. தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துப்பட்டி. ஒரு கை மட்டும் வெளியே வந்து கைப்பிடியைப் பிடித்து ஏறியது. கேபின் கதவைச் சாத்தி, நான் ஒருத்திதான் உள்ளே இருக்கிறேன் என்று உறுதியான பிறகுதான் துப்பட்டியை எடுத்தார். சிரித்த முகம். நாற்பதை ஒட்டிய வயது.

"அம்மான்னு கூப்புடாதே தங்கச்சி, லாத்தான்னு கூப்புடு" என்றார். அவர் பிறந்த நாகூரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்களாம்.

படுக்கையை விரிப்பதற்குள் கதை முழுவதையும் சொல்லிவிட்டார். கல்யாணமாகி மலாயாவுக்குக் கப்பலில் வந்தபோது பெண்களுக்கென்று மறைப்புக் கட்டிய மூலையில் உட்கார்ந்து வந்திருக்கிறார். கடலின் சத்தம் மட்டும் கேட்டதாம். அதன் பிறகு கடைக்குப் பின்னால் உள்ள வீடுதான் உலகம். விலை சரிந்த இந்த வருடத்திலும் மலிவுத் துணி ஓடியதால் கடையில் நல்ல வியாபாரம். மரைக்காயர் ஒரு ஜோடி வளையல் செய்து போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

"வளையல் வேணாங்க, கடலக் காட்டுங்கன்னு சொல்லிட்டேன். என் நாத்தனார்மாரு வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிக்கிறாளுவோ. தண்ணியப் பாக்கவா தங்கத்த வுட்டேன்னு கேக்குறாளுவோ. நான் போயி என்னா பாத்தேன்னு சொல்லணும்ல? சொல்லலைன்னா ஆயுசுக்கும் இதையே சொல்லிச் சொல்லி சிரிப்பாளுவோ."

"மேல் டெக்குக்கு வருவீங்களா லாத்தா?"

"சேச்சே. அம்மாம் ஆம்பளைங்க இருக்குற எடத்துக்கு நான் வரமாட்டேன். எனக்கு இந்த ஜன்னல் போதும்."

அது ஜன்னல்கூட இல்லை, பித்தளை விளிம்பு போட்ட வட்டத் துவாரம். ஒரு முகம் அடங்கும், அவ்வளவுதான். போர்ட்ஹோல் என்போம். அவருக்குக் கொடுத்திருந்தது நாலாம் நம்பர், கப்பலின் இடது பக்கம். வடக்கே போகும்போது தீவு அந்தப் பக்கம்தான் வரும். "காலையில திரைய விலக்குங்க லாத்தா, தீவு முழுசும் தெரியும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

வாசலில் பர்சர் நின்றார். "நாலாம் நம்பரை ஒரு வெள்ளைக்கார மேம் கேக்கிறா. மரைக்காயர் பொஞ்சாதியை ஏழுக்கு மாத்து."

"சார், ஏழு வலது பக்கமாச்சே. அவங்க தீவப் பாக்கணும்னுதான்..."

"அந்த மனிசி திரையை மூடிக்கொண்டுதானே இருக்கப் போறா. எந்தப் பக்கமெண்டா என்ன?"

அடுத்த பயணத்தை நினைத்துப் பெட்டியைத் தூக்கினேன். லாத்தா துப்பட்டியைப் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தார்.

காயாத துண்டுகள்

விடிந்ததும் மேலே ஒரே ஆரவாரம். தீவு தெரிகிறது, மலை தெரிகிறது என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான் தேநீரோடு ஏழாம் நம்பருக்குப் போனபோது லாத்தா போர்ட்ஹோல் முன்னால் உட்கார்ந்திருந்தார். வெளியே சேறு, சதுப்பில் வளரும் பாக்காவ் மரம், ஒரு கொக்கு.

"இது நம்ம கிள்ளான் ஆத்து முனையில இருக்குற அதே சேறுதானே தங்கச்சி" என்றார். கோபம் இல்லை. "பரவால்ல வுடு. பாக்காவ் பாத்தேன்னு சொல்லிக்கிறேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாக்குக் கொடுத்தது நான். வாங்கின சம்பளமே கசந்தது அன்றைக்கு.

ஆனால் வேலை நிற்குமா? மேம்கள் குளித்துப் போட்ட துண்டுகளை அள்ளிக்கொண்டு பின் டெக்கில் வெயில் விழும் கம்பியாகப் பார்த்துக் காயப்போடப் போனேன். வெயில் ஏழாம் நம்பர் பக்கம் அடித்தது. முதல் துண்டைப் போடும்போதே போன வாரப் பயணம் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் வெயில் பார்த்துத்தான் போட்டேன். அரைமணி கழித்து வந்து பார்த்தால் துண்டுகள் நிழலில் சொதசொதவென்று தொங்கின, வெயில் எதிர்ப்பக்கம் போயிருந்தது. யாரோ எடுத்து மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று எண்ணி மாலுமிகளை எல்லாம் திட்டித் தீர்த்தேன். அப்போது மாலுமிகளின் தலைவரான செராங் பாக் மான் சிரித்துவிட்டு, "யாரும் தொடல. கப்பால் பூசிங் லா" என்றார். கப்பல் திரும்பிவிட்டது என்று அர்த்தம். நங்கூரம் போட்ட கப்பல் மூக்கில் கயிறு கட்டிய மாடு மாதிரிதான். நீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடல் ஏற்றம் போய் வற்றம் வந்தால் தலை இருந்த இடத்துக்கு வால் வந்துவிடும்.

துண்டுகளை அப்படியே போட்டுவிட்டு முன் பக்கம் ஓடினேன். பாக் மான் நங்கூரச் சங்கிலிக்குப் பக்கத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"பாக் மான், இன்னிக்கும் கப்பல் பூசிங் ஆகுமா?"

எட்டிச் சங்கிலியைப் பார்த்தார். காலையில் இழுத்துப் பிடித்திருந்த சங்கிலி இப்போது நீரோட்டம் ஓய்ந்ததால் தளர்ந்து நேராகத் தொங்கியது. "ஆகும். ஆனா கேப்டன் மழை வரும்னு பயப்படுறார். தீவுக்குப் போன படகு வந்ததும் நங்கூரம் தூக்கச் சொல்லிட்டார்."

படகு தீவை விட்டுக் கிளம்பிவிட்டது. வெள்ளைத் தொப்பிகள் வரிசையாகத் தெரிந்தன. அந்தத் தொப்பிகளை அவ்வளவு வெறுப்போடு நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஒரு துவாரம், இரண்டு முகம்

"லாத்தா, எழுந்திரிங்க. திரைய விலக்குங்க."

"ஏம்மா?"

"கப்பல் திரும்பப் போகுது."

"அதுக்குள்ள ஊருக்கா?"

"இல்ல லாத்தா, நின்ன எடத்துலயே திரும்பும். பாருங்க."

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கொக்குகூட நகரவில்லை. நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். பிறகு கொக்கு மெல்ல ஓரமாகப் போனது. கொக்கு பறக்கவில்லை, கரைதான் நகர்ந்தது. சேறும் பாக்காவும் ஒதுங்கின. வெறும் தண்ணீர் வந்தது. கடலில் கம்பு நட்டு மீன் பிடிக்கும் கேலோங் ஒன்று வந்தது. அப்புறம் ஒரு பச்சை மலை, தண்ணீரிலிருந்து நேராக எழுந்தது போல. அதன் அடியில் மீனவர் குடிசைகள், படகுகள், மறுபடியும் மலை.

லாத்தா பித்தளை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் பின்னால் நின்றதால் அவர் முகம் தெரியவில்லை, தோள் நடுங்குவது மட்டும் தெரிந்தது. "அல்லாஹ்வே, எம்மாம் பெருசு" என்று மெல்லச் சொன்னார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நாலாம் நம்பர் பெல் அடித்தது. நான் போவதற்குள் மேமே வெளியே வந்துவிட்டார். அறையில் வெயில் அடிக்கிறது, சேற்று நாற்றம் வருகிறது, தீவைக் காணோம் என்றார். பர்சரும் வந்துவிட்டார்.

"திரும்பவும் மாத்திவிடு பிள்ளை. மேம் ஏழுக்கு வாறாவாம்."

"இப்ப மாத்த முடியாது சார்" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்று எனக்கே நம்பிக்கையில்லை.

பர்சர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அடுத்த பயணம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து லாத்தாவின் குரல் வந்தது. "யாரும்மா அது? அந்த வெள்ளக்காரப் பொம்பளைக்கும் பாக்கணுமாமா? இதுக்கு எதுக்குப் பெட்டி தூக்கணும்? அவள மட்டும் உள்ள வரச் சொல்லு."

நான் இங்கிலீஷில் சொன்னேன். மேம் குனிந்து உள்ளே வந்தார். கதவு பர்சர் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.

டெங்கில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் துரையின் மனைவி அவர். சுற்றிலும் மரத்தைத் தவிர வேறொன்றையும் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது என்று என்னிடம் சொன்னார். லாத்தா நகர்ந்து இடம் கொடுத்தார். கன்னத்தோடு கன்னம் ஒட்டினால்தான் இருவரும் பார்க்க முடியும், ஒட்டிக்கொண்டார்கள். மேமுக்குத் தோட்டத்து வேலைக்காரர்களிடம் பேசும் தமிழ் மட்டும்தான் தெரியும். "பார், பார். அங்கே பார். சீக்கிரம்" என்று விரலை நீட்டினார்.

"என்னம்மா இவ, என்னைய வேல வாங்குறாப்புலயே பேசுறா" என்று லாத்தா சிரித்தார். ரவையில் செய்த தம்ரூட்டை டப்பாவிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தார். மேம் தன் தூரக் கண்ணாடியைக் கொடுத்தார். அதில் பார்த்த லாத்தா சட்டென்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஒரு பொம்பள மீன் காய வைக்கிறா. அவளுக்கு நம்மளத் தெரியுமா?"

"தெரியாது லாத்தா, ரொம்பத் தூரம்."

"அப்ப சரி" என்று மறுபடியும் பார்க்கத் தொடங்கினார். நங்கூரம் ஏறும் சத்தம் கேட்கும் வரை இருவரும் அந்தத் துவாரத்தை விட்டு அசையவில்லை.

எந்தப் பக்கம்

மரைக்காயர் மேல் டெக்கில் சாய்வு நாற்காலியில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு அந்த வளைகுடா முழுவதையும் தூங்கியே கழித்திருந்தார். இறங்கும்போது மனைவியிடம், "நல்லாத் தெரிஞ்சிச்சா?" என்று கேட்டார்.

"வூட்டுக்கு வாங்க, ஒங்களுக்கும் சேத்துச் சொல்றேன்" என்றார் லாத்தா.

பிறகு துப்பட்டிக்குள்ளிருந்து கையை நீட்டி என் கையைப் பிடித்தார். "அந்தக் கண்ணாடி போட்டவஹ நேத்து சொன்னது எனக்கும் கேட்டுச்சு தங்கச்சி. அவஹள்ட்ட சொல்லு. திரை, வெளிய உள்ளவங்க உள்ள பாக்காம இருக்கத்தான். நான் வெளிய பாக்காம இருக்க இல்ல."

அதைப் பர்சரிடம் அப்படியே சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்தாமல் கேட்டார். "சரி. அடுத்த சனிக்கிழமை நேரத்துக்கு வந்து சேர்" என்றார்.

இன்று ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் அறை கவனிக்கும் வேலைக்குப் போகும் பெண்களுக்குச் சொல்ல என்னிடம் இது ஒன்றுதான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொள்கிற விருந்தாளிக்கு ஒன்றும் வேண்டாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவர் எதைப் பார்க்க வந்தார் என்று கேளுங்கள். கேட்ட பிறகு அது எந்தப் பக்கம் தெரியும் என்று விசாரியுங்கள்.

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, கிள்ளானிலிருந்து மூன்று வெள்ளைத் துப்பட்டிகள் ஒன்றாகத் துறையில் வந்து இறங்கின. லாத்தாவின் நாத்தனார்கள். மூவருமே ஏழாம் நம்பர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். பர்சர் கேபின் சாவிகளைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"செராங்கைக் கேட்டுப் போட்டுச் சொல்லு பிள்ளை" என்றார். "இண்டைக்கு எந்தப் பக்கம்?"