பாக்கெட்டில் சிரிக்கிற என் தங்கை

எங்கள் கடலை மிட்டாய் பாக்கெட்டில் இரட்டைச் சடை போட்டு, முன்பல் இல்லாமல் சிரிக்கும் சிறுமி என் தங்கை. எட்டு வயதில் எடுத்த போட்டோவைப் பார்த்து ஒரு பெயிண்டர் வரைந்த படம். அடி அண்ணாமலையில் கடை ஆரம்பித்தபோது லேபிள் அச்சடிக்கிறவர்கள் ஏதாவது படம் கேட்டார்கள். கையில் கிடைத்த போட்டோவைக் கொடுத்தேன். அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அப்போது அவள் காலேஜில் சேர்ந்திருந்தாள். பஸ்ஸில் பையன்கள் "மிட்டாய்" என்று கூப்பிடுகிறார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். "அதுக்கு இன்னா இப்ப, செத்தா போயிட்ட?" என்றேன். நான் அப்படித்தான் பேசுவேன். கல்யாணமாகி கீழ்பென்னாத்தூர் போனாள். எங்கள் பாக்கெட்டும் அந்த ஊர்க் கடைகளுக்குப் போனது. அந்தப் பெயரும் கூடவே போனது. எனக்குப் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டாள்.

ஒரு பௌர்ணமிக்கு, கிரிவலப் பாதையில் ஒருவன் அதே முகத்தை, அதே சடையோடு, அவன் பாக்கெட்டில் போட்டு விற்றான். பல் மட்டும் முழுசாக இருந்தது. கடலையில் காறல் வாடை. எங்கள் மிட்டாய் என்று நம்பி வாங்கியவர்கள் என் கடைக்கு வந்து திட்டினார்கள். நான் போய் அவனிடம் கத்தினேன்.

"உன் படம்னு எங்க எழுதியிருக்கு? பேப்பர் காட்டு" என்றான்.

என்னிடம் ஒரு பேப்பரும் இல்லை. கத்தியதுதான் மிச்சம்.

டவுனில் டிரேட்மார்க் பதிவு செய்து தரும் ஒருவரிடம் போனேன். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யாரும்மா இந்தப் பாப்பா?"

"என் தங்கச்சி."

"உயிரோட இருக்காங்களா?"

"கன்னத்துலயே ஒண்ணு குடுப்பேன். நல்லா இருக்கா."

"கோவப்படாதீங்க. உயிரோட இருக்கறவங்க முகத்தப் பதிவு பண்ணணும்னா அவங்க சம்மதக் கடிதம் கேப்பாங்க. அது இல்லன்னா அந்த ஆளு அத வெச்சே உங்கள மடக்குவான்."

கடிதத்தை அவரே டைப் செய்து கொடுத்தார். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அதை மடக்கி மடக்கி வியர்வையில் நனைத்துவிட்டேன். அவள் மாட்டேன் என்றால் அந்த முகம் போய்விடும். ஊரில் யார் வேண்டுமானாலும் அதை ஒட்டிக்கொள்ளலாம்.

தங்கை கடிதத்தைப் படித்தாள். "'எந்த ஆட்சேபணையும் இல்லை'னு போட்டிருக்கு. எனக்கு இருக்குதே."

"சொல்லு."

"இத்தினி வருசமா என் மூஞ்சிய வித்துட்டு, இப்ப கவர்மெண்டு கேட்டான்னு வந்து கேக்கற. அவன் கேக்கலன்னா வந்திருப்பியா?"

வந்திருக்க மாட்டேன். அதைச் சொன்னேன். பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவள் எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. நான் கடிதத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அவள் வீட்டுக்காரர் வாசல்வரை வந்தார்.

"ஒக்காருங்கக்கா. போன மாசம் பஸ் ஸ்டாண்ட் கடைல அந்த டூப்ளிகேட் பாக்கெட் தொங்குச்சு. இவ போய் ஒரே சண்ட. 'இது நான் இல்ல, கழட்டு'ன்னா. கடைக்காரன் முழிக்கறான். 'பல்லப் பாருய்யா, எனக்கு அப்ப பல்லே இல்ல'ன்னா. அத்தினியும் கழட்ட வெச்சிட்டுதான் வந்தா."

"சும்மா இருக்க மாட்டீங்களா நீங்க?" என்று உள்ளேயிருந்து கத்தினாள்.

சமையலறை வாசலில் போய் நின்றேன். "தப்பு என்னுது. அன்னிக்கே ஒன்னக் கேட்டிருக்கணும். இப்ப கேக்கறேன். வேணாம்னா சொல்லு, பெயிண்டரக் கூப்ட்டு வேற படம் போட்டுக்கறேன்."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "பேனா குடு" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

"எத்தினி வருசத்துக்கு இது?"

"பதிவானா பத்து வருசம். அப்புறம் பணம் கட்டி நீட்டிக்கலாம்."

"அப்பவும் நான் போடணுமா?"

"சட்டப்படி வேணாமாம். ஆனா நான் வந்து கேப்பேன்."

"கேளு. வர்றப்ப அந்த மிட்டாயத் தூக்கிட்டு வராத. எனக்குச் சின்ன வயசுலேந்தே அது புடிக்காது."