வாசித்துக் காட்டாத மனு

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், திண்டுக்கல்லில் நடந்தது இது. இதுவரை என் வீட்டுக்காரரைத் தவிர வெளியாள் யாரிடமும் நான் சொன்னதில்லை. சொல்லிக்கொள்ளும்படியான பெருமை ஒன்றும் இதில் இல்லை.

பேகம்பூர் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சங்க அலுவலகம் இருக்கிறது. அலுவலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு அறை, பத்துப் பிளாஸ்டிக் நாற்காலி, மழைக்கு ஒழுகும் மூலையில் ஒரு வாளி. பஞ்சாலைகளிலும் தோல் கிடங்குகளிலும் வேலை பார்க்கும் பெண்களுக்கு ஏதாவது அநியாயம் நடந்தால் கூட நிற்பதுதான் சங்கத்தின் வேலை. நான் முன்பு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தவள். தமிழில் எம்.ஏ. படித்தவள். சங்கத்தில் சேர்ந்த நாள் முதல் மனு எழுதுவது என் பொறுப்பு. பதினோரு வருடமாக நான் எழுதிய மனுக்களைப் படித்துவிட்டு அதிகாரிகளே தலை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு.

அப்படி இருந்த இடத்தில்தான் அவள் வந்து சேர்ந்தாள். என்னைவிட எட்டு வயது சின்னவள். பேகம்பூர்க்காரி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஆலையில் நூல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவள். எழுத்துப் பிழை இல்லாமல் அவளுக்கு ஒரு பக்கம் எழுத வராது. ஆனால் வந்த ஆறே மாதத்தில் மாடிப்படி ஏறி வருகிற பெண்கள் எல்லாரும் என்னைப் பார்த்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "அந்தப் புள்ள இல்லையா?"

என்னை எல்லாரும் 'டீச்சர்' என்பார்கள். மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மா எனக்கு ஒரு முழம் மல்லிகை கொடுத்துவிட்டு அவளுக்கு மட்டும் இரண்டு முழம் கொடுப்பாள். நாற்பத்து மூன்று வயதில் பூவை முழம் போட்டுப் பார்த்து வயிறு எரிகிறவள் நானாகத்தான் இருப்பேன். ரமலானில் அவள் வீட்டு நோன்புக் கஞ்சியைத் தூக்குவாளியில் கொண்டு வந்து எனக்குத்தான் முதலில் ஊற்றினாள். அமிர்தமாக இருந்தது. "உப்புக் கம்மி" என்றேன்.

அவள் ஒரு வழக்கத்தையும் கொண்டு வந்தாள். எங்கள் மனுக்களில் பாதிக்கப்பட்டவர் பெயரைப் போடுவதில்லை, சங்கத்தின் பெயரில்தான் போகும். மனு போவதற்கு முன் அதைச் சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும் என்றாள். அந்தப் பெண் கேட்டு, வேண்டாததை எடுக்கச் சொல்லி, கடைசியில் தாளின் மேல் உள்ளங்கையை வைத்து "இது என் பேச்சுதான்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் மனு உறைக்குள் போகும். "இதென்ன கோயில் சத்தியமா?" என்று நான் கிண்டல் செய்தேன். ஆனால் பெண்களுக்கு அது பிடித்துப்போனது. ஒரு அதட்டல் கேட்டாலே நடுங்குகிறவர்கள்கூட, அந்தத் தாளில் கை வைக்கும்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

அந்த ஐப்பசியில் வங்கதேசத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அங்கே தையல் ஆலைப் பெண்களுக்காக எங்களைப் போலவே ஒரு சிறிய சங்கம் நடத்துகிறவர். நாடு வேறானாலும் பிரச்சினை ஒன்றுதானே, ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்வோம் என்று வந்திருந்தார். நான் மூன்று நாள் உட்கார்ந்து சங்கத்தின் வரலாற்றை எழுதி, இருபது நிமிடம் பேசினேன். எங்கள் தலைவி மொழிபெயர்த்தார். அந்த அம்மா மரியாதையாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அவள் இரண்டே நிமிடத்தில் அந்தக் கை வைக்கும் வழக்கத்தைச் சொன்னாள். அந்த அம்மா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். போனில் படம் பிடித்தார். டாக்காவில் நடக்கப்போகும் கூட்டத்துக்கு அவள் வந்து இதைச் சொல்ல வேண்டும் என்று அங்கேயே அழைத்தும் விட்டார்.

அவளுக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. நான் நாலு வருடமாக ஒரு முத்திரையும் விழாத பாஸ்போர்ட்டை பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன். அன்று வீட்டுக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டியதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "யாரு மேல உள்ள கோவம்டீ இது? சட்டி என்ன செஞ்சுச்சு?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் ஒரு புகார் வந்தது. கொடைரோடு பக்கத்து ஊர்க்கார அம்மா, பஞ்சாலைத் தொழிலாளி. கணவர் இறந்து ஐந்து வருடம், இரண்டு பெண் பிள்ளைகள். அவர் வேலை பார்க்கும் ஷிப்டின் மேற்பார்வையாளனுக்குப் பேச்சும் சரியில்லை, கையும் சரியில்லை. எல்லாப் பெண்களுக்கும் அதே தொல்லை. வாய் திறந்தவர் இந்த அம்மா ஒருவர்தான், அதுவும் சங்கத்தில் அவளிடம் மட்டும்தான். "பேரு வேணாம், ஊரு வேணாம், என்னைப் பத்தி ஒரு வார்த்த வேணாம். வேல போச்சுன்னா எம்புள்ளைக படிப்பு நின்டுரும்" என்று சொல்லியிருந்தார். அவள் எட்டு வரியில் மனுவை எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, பாஸ்போர்ட் வேலையாக மதுரைக்குப் போய்விட்டாள். "அக்கா, பிழை மட்டும் பாத்து டைப் பண்ணிருங்க. சனிக்கிழமை அந்தம்மா வரும், வாசிச்சுக் காட்டிருங்க" என்றாள்.

அந்த எட்டு வரியைப் பார்த்தேன். உப்பும் இல்லை, புளியும் இல்லை. இப்படி எழுதுகிறவளுக்கா டாக்கா? எழுத்து என்றால் என்னவென்று காட்டுகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். எட்டு வரியை இரண்டு பக்கம் ஆக்கினேன். 'கொடைரோடு பக்கத்துக் கிராமத்தில், கணவனை இழந்து, இரண்டு பெண் குழந்தைகளோடு போராடும் ஒரு தாயின் கண்ணீர் இது' என்று தொடங்கினேன். எழுதி முடித்தபோது என் கண்ணே கலங்கியது. பெயர் போடவில்லையே என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை அந்த அம்மா மழையில் நனைந்து வந்தார். வந்ததும், "அந்தப் புள்ள இல்லையா?" என்றார். மதுரைக்குப் போயிருக்கிறாள், நான் வாசிக்கிறேன் என்றேன்.

"இல்ல டீச்சர், அது வந்து வாசிக்கட்டுமே. செத்த நேரம் உக்காந்துருக்கேன். அது வாசிச்சா எனக்கு நல்லா வெளங்கும்."

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. பதினோரு வருடம் எழுதியவள் வாசித்தால் விளங்காதாம்! தாளை அவர் முன்னால் தள்ளினேன். "அது எழுதுனதுதான் இது. டைப் மட்டுந்தான் நான் அடிச்சேன். கைய வைங்க, நாழியாகுது" என்றேன். அந்த அம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ஈரம் படக்கூடாதே என்று மெதுவாகத் தாளின் மேல் வைத்தார். "இது என் பேச்சுதான்" என்றார்.

திங்கட்கிழமை மனு தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனது. விளக்கம் கேட்டு அங்கிருந்து ஆலைக்கு நகல் போவது வழக்கம். அதற்காகத்தானே நாங்கள் ஆளை அடையாளம் காட்டுவதில்லை. அந்த ஆலை வேனில் கொடைரோடு பக்கத்திலிருந்து ஏறுகிறவர்களில், கணவனை இழந்து இரண்டு பெண்ணோடு இருப்பவர் இந்த அம்மா ஒருவர்தான். அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் கேட்கவும் இல்லை. வாசித்துக் காட்டியிருந்தால் முதல் வரியிலேயே அவர் தடுத்திருப்பார்.

வியாழக்கிழமை காலை அந்த அம்மா அலுவலகத்துக்கு வந்தார். மதுரையிலிருந்து திரும்பியிருந்த அவளும் நானும் இருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஷிப்டு முடிந்து எல்லாரும் வேனில் ஏறும் நேரத்தில், அந்த மேற்பார்வையாளன் மனுவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு, டிரைவர் முதல் எல்லார் முன்னாலும் சத்தமாக வாசித்திருக்கிறான். 'ஒரு தாயின் கண்ணீர்' என்ற இடத்தில் நிறுத்தி, இந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். அன்று காலையில் வேன் அவர் ஊரில் நிற்காமலே போய்விட்டது.

நான் வாசித்துக் காட்டாததை அவன் வாசித்துக் காட்டியிருக்கிறான்.

அவள் கோப்பிலிருந்து நகலை எடுத்து முதல் வரியைப் படித்தாள். என்னைப் பார்க்கவில்லை. தலைவி உள்ளே வந்து, யார் வாசித்துக் காட்டியது என்று கேட்டார். நான் ஒழுகும் மூலையில் இருந்த வாளியை நகர்த்தி வைக்கப் போனேன். அவள்தான் பேசினாள்: "நான் மதுரைக்குப் போயிருக்கக் கூடாதும்மா. கூட இருந்து வாசிச்சிருக்கணும். என் தப்புதான்."

இதைக் கேட்டு நான் உருகிப் போனேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி இல்லை. தப்பை ஏற்றுக்கொள்வதிலும் இவள்தான் முந்த வேண்டுமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அன்றே அவள் டவுன் பஸ்ஸில் கிளம்பினாள். அந்த வேன் போகும் ஊர் ஊராக இறங்கி, ஷிப்டுப் பெண்கள் ஒவ்வொருவரையும் பார்த்துப் பேசினாள். மறுநாள் காலை அந்த அம்மாவின் ஊரை வேன் நிற்காமல் கடந்தபோது, உள்ளே இருந்த பெண்கள் அத்தனை பேரும் கத்தி வண்டியை நிறுத்தினார்கள். தூறலில் ரோட்டோரம் இறங்கி நின்றுகொண்டார்கள். அந்த அம்மா ஏறாமல் நாங்கள் ஏற மாட்டோம் என்றார்கள். ஆலையில் அன்று அந்த ஷிப்டு ஓடவில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் வேன் நின்றது, அந்த அம்மா முன் சீட்டில் ஏறினார். மேற்பார்வையாளனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து, விசாரணைக்குத் தேதியும் குறித்தார்கள்.

குறித்த தேதி, டாக்கா கூட்டம் நடக்கும் அதே தேதி. அவள் தயங்கவே இல்லை. "நான் விசாரணைக்குப் போறேன். டாக்காவுக்கு அக்கா போகட்டும். அவங்களுக்குத்தான் பாஸ்போர்ட்டும் இருக்கு, பேச்சும் நல்லா வரும்" என்றாள். தலைவி சரி என்றார். நானும் சரி என்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று சாயங்காலமே ஒரு பட்டுச் சேலைக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

விசாரணைக்கு அந்த அம்மாவின் வாக்குமூலம் வேண்டும். அவள் கேட்டு எழுதியதை நான் தட்டச்சு செய்து வைத்திருந்தேன், இந்த முறை ஒரு சொல்லும் கூட்டாமல். அந்த அம்மா வந்தபோது அவளும் அறையில்தான் இருந்தாள். அவளே வாசிப்பாள் என்று நான் தாளை நீட்டினேன். அந்த அம்மா தடுத்து, "நீங்க வாசிங்க டீச்சர்" என்றார்.

தாளைக் கையில் எடுத்தேன். எழுத்து தெரியவில்லை. "அந்த மனு நான் எழுதுனது. அவ எழுதுனது இல்ல. உங்ககிட்டப் பொய் சொல்லிக் கை வைக்க வெச்சேன்" என்று சொல்லிவிட்டேன். 

"தெரியும் டீச்சர்" என்றார் அவர் சாதாரணமாக. "அவன் கண்ணீருன்னு வாசிச்சப்பவே தெரிஞ்சுபோச்சு. அந்தப் புள்ள அப்புடி எழுதாது. நான் அதுகிட்ட அழவே இல்லையே."

"தெரிஞ்சும் ஏன் என்னைய வாசிக்கச் சொல்றீங்க?"

"பெறகு யாரு வாசிக்கிறது? அந்த வேன்ல எங்கூடப் பேசாதவளுக ரெண்டு பேரு. அவளுகளும்தான் மழைல எறங்கி நின்டாளுக. நீங்களும் சங்கந்தான? வாசிங்க. இந்தத் தடவ ஒழுங்கா வாசிங்க."

வாசித்தேன். இரண்டு இடத்தில் நிறுத்தச் சொன்னார். ஒரு வரியை எடுக்கச் சொன்னார், எடுத்தேன். முடித்ததும் தாளில் கை வைத்தார். என் பதினோரு வருடத்தில் ஒரு தாள் அவ்வளவு கனத்ததில்லை.

அன்றே தலைவியிடம் நடந்ததைச் சொல்லி, டாக்காவுக்கு அவளை அனுப்பச் சொன்னேன். தலைவி என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. விசாரணைக்கு அந்த அம்மாவோடு நான் போய் உட்கார்ந்தேன். மேற்பார்வையாளனுக்கு வேலை போயிற்று. அந்த அம்மா இன்றும் அதே வேனில்தான் போகிறார். பாஸ்போர்ட்டும் விசாவும் கூட்டத்துக்கு முந்தின வாரம் கைக்கு வர, அவள் டாக்கா போனாள். அங்கேயிருந்து ஒரு படம் அனுப்பினாள். வரிசையாகப் பெண்கள், முன்னால் மேசை, ஒரு தாளின் மேல் யாரோ ஒருத்தியின் கை. பட்டுச் சேலை ஜாக்கெட் தையற்காரரிடமே நாலு மாதம் கிடந்தது.

அதோடு என் பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். நிலக்கோட்டை அம்மா இன்னமும் அவளுக்கு இரண்டு முழம்தான் கொடுக்கிறாள், எனக்கு இன்னமும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் யாருடைய பேச்சை நான் எழுதினாலும், வாசித்துக் காட்டி, அவர் கை அந்தத் தாளில் தானாக வந்து விழும் வரை அது என் எழுத்துதானே தவிர அவர் பேச்சு இல்லை என்பதை, மழையில் நனைந்த அந்த ஈரக் கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.