எண்ணூறு மீட்டரில் ஒரு தண்ணீர்த் தொட்டி

கண்ணை மூடிக்கொண்டு, புல்வெளியின் நடுவில், நின்ற இடத்திலேயே சுற்றுகிறார். இரண்டு சுற்று, மூன்று சுற்று, சில நாள் நாலரை. எத்தனை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதில்லை. நின்றதும் இரண்டு உள்ளங்கைகளையும் கன்னத்தோரம் வைத்துப் பக்கவாட்டுப் பார்வையை மறைத்துக்கொண்டு, பிறகுதான் கண்ணைத் திறக்கிறார். மெல்லத் திரும்பித் திரும்பி எதையோ தேடுகிறார். கிடைத்துவிட்டால் வலது கையை நேராக நீட்டுகிறார். நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு குனிந்து காலடியைப் பார்க்கிறார். அங்கே புல்லுக்கு நடுவே போட்ட சிமெண்டுத் தளத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு நேர்கோடு இருக்கிறது. கையும் கோடும் ஒரே திசையில் இருந்தால், "இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதுகிறார்.

அவரைப் பற்றி எழுதக் குறிப்பேட்டோடு போயிருந்த எனக்கு, முதல் நாள் இதைப் பார்த்தபோது பயம் வந்துவிட்டது. இவரை நம்பியா இத்தனை பேர் வானத்தில் வருகிறார்கள்? விமானம் என்ற சொல்லைக் கேட்டாலே பயப்படுகிற ஆள்தான் நான், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அந்தச் சின்ன விமான நிலையத்தில் இருபத்து மூன்று வருடமாக வானிலைப் பார்வையாளர். காதை மூடிக் கட்டிய கம்பளித் துண்டு, மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய ஆண்கள் கடிகாரம். அரை மணிக்கு ஒரு தடவை வெளியே வந்து காற்று எங்கிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது, மேகம் எவ்வளவு, எவ்வளவு உயரத்தில், எத்தனை தூரம் கண் எட்டுகிறது என்று பார்ப்பார். பார்த்ததை எண்ணாக்கிக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தொலைபேசியில் சொல்வார். கோபுரம் விமானிக்குச் சொல்லும். இறங்குவதா வேண்டாமா என்று விமானி முடிவெடுப்பது அந்த எண்ணை வைத்துத்தான்.

மேகத்தை எட்டில் எத்தனை பங்கு என்று சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். வானம் முழுக்க மூடியிருந்தால் எட்டுக்கு எட்டு. இந்தக் கணக்கு அவருடைய நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. சாப்பாட்டில் உப்பு "எட்டுல ஒண்ணு கம்மி", பேருந்தில் கூட்டம் "எட்டுல ஏழு", எனக்குத் தலைமுடி "எட்டுல ரெண்டுதான் இருக்கும் போல, தப்பா நெனச்சுக்காதீங்க சார்." விமானிகள் அவருக்கு எட்டக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் கணவர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவியின் முகத்தைப் பார்த்து, "இன்னைக்கு எட்டுல ஆறு, நான் வெளிய போயிட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொள்வாராம்.

விமானத்தில் அவர் ஒரே ஒரு முறை ஏறியிருக்கிறார். கிடைத்தது நடு இருக்கை. ஜன்னலோரத்து ஆள் திரையை இழுத்து விட்டுக்கொண்டு தூங்கிவிட்டார். "மேகத்துக்குள்ள போகுதுன்னு உடம்புக்குத் தெரியுது. பாக்கக் குடுத்து வைக்கல. எழுப்பிடலாமான்னு கைய கைய கொண்டு போனேன்" என்றார். கீழிருந்து பார்த்தே எல்லா மேகத்தின் குணமும் அவருக்கு அத்துப்படி. மாலையில் மேற்கே கோபுரமாக வளர்ந்து, உச்சி தட்டையாகப் பரவி நிற்கும் இடிமேகத்தைக் காட்டி அவர் பேசும்போது குரல் தானாகத் தாழ்ந்துவிடுகிறது. ஒரு நாள் இளம் விமானி ஒருவர் வரைபடத்தில் இரண்டு இடிமேகங்களுக்கு நடுவே விரலை ஓட்டி, "நடுவுல வழி இருக்குல்லக்கா?" என்றார். எட்டக்கா வரைபடத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அது வழி இல்ல தம்பி. வாய். சுத்திக்கிட்டுப் போங்க."

அந்த மேகத்தின் அடியில் குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே கொட்டும் என்று எனக்கு விளக்கினார். கொட்டிய காற்று தரையில் பட்டு நாலாபக்கமும் ஓடும். இறங்க வருகிற விமானத்துக்கு அது முதலில் எதிரே வந்து தூக்கிக் கொடுக்கும். விமானி, பரவாயில்லையே என்று வேகத்தைக் குறைப்பார். அடுத்த நிமிஷம் அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். இறக்கைக்குப் பிடிப்பு போய்விடும். "மொதல்ல தட்டிக் குடுக்கும், அப்பறம் தள்ளி விடும். சொந்தக்காரங்க மாதிரி" என்று சொல்லிவிட்டு, என் குறிப்பேட்டைப் பார்த்து, "இத எழுதாதீங்க, நாத்தனார் படிப்பாங்க" என்றார். நாத்தனார் மன்னிக்க வேண்டும்.

இடிமேகமாவது தூரத்திலேயே ஆர்ப்பாட்டம் செய்துகொண்டு வரும். பனிமூட்டம் அப்படியில்லை, ஓசைப்படாமல் வரும். புல்வெளியில் வெள்ளைப் பெட்டிக்குள் இரண்டு வெப்பமானிகள் தொங்குகின்றன. ஒன்று சும்மா இருப்பது, இன்னொன்றின் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று உலர்ந்திருக்கும்வரை ஈரத்துணிக்காரன் இரண்டு மூன்று பாகை கீழே நிற்பான். இரண்டும் நெருங்கி ஒரே எண்ணுக்கு வந்துவிட்டால், காற்றுக்கு இனி ஈரம் தாங்காது என்று அர்த்தம். அப்போது புல்லின் மேலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பும். பார்த்துக்கொண்டே இருக்கும்போது வேலி மறையும், மரம் மறையும், நமக்கு முழங்கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். "ரெண்டும் கை கோத்துக்கிச்சு" என்பார் எட்டக்கா.

எத்தனை தூரம் தெரிகிறது என்பதற்கு அவரிடம் அடையாளங்கள் உண்டு. எரிபொருள் கிடங்கு முந்நூறு மீட்டர். வேலி முனை விளக்குக் கம்பம் ஐந்நூறு. தூண் மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டி எண்ணூறு. அதற்கப்பால் ஒரு புகைபோக்கி, ஒரு குன்று. அந்த ஓடுபாதையில் இறங்க எண்ணூறு வேண்டும். அதாவது தொட்டி தெரிய வேண்டும். கருவி இல்லையா என்று கேட்டேன். ஓடுபாதையின் மறுமுனையில் ஒன்று இருக்கிறதாம். "அது தன் மூக்குக்கு முன்னாடி இருக்கற காத்த மட்டும்தான் பாக்கும் சார். நாலாபக்கமும் பாக்க ஆள்தான் வேணும்."

அந்த ஆளுக்கு ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தப்பு நேர்ந்தது. இதே போன்ற ஒரு காலையில் அவர் வெளியே வந்து பார்த்தார், தொட்டி தெரிந்தது, எண்ணூறு என்று சொன்னார். இறங்கிய விமானத்துக்கு ஓடுபாதை கடைசி நொடியில்தான் கண்ணில் பட்டது. ஒரு பக்கச் சக்கரம் புல்லில் இறங்கி, சேற்றைக் கிழித்துக்கொண்டு போய் நின்றது. யாருக்கும் அடி இல்லை. பனி நகர்ந்திருக்கும், யார் என்ன செய்ய முடியும் என்று விசாரணைக்கு வந்தவர்களே அவருக்கு வழி காட்டினார்கள். அவர் அந்த வழியில் போகவில்லை.

"நான் தொட்டியப் பாக்கல சார். தொட்டி இருக்கற எடத்தப் பாத்தேன். பதினாலு வருஷமா அங்கயே பாத்த கண்ணு. அதுவா வரைஞ்சு குடுத்துடுச்சு" என்று சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒரு கண்டிப்பு வந்தது. அடுத்த வாரம் அவரே பெயிண்டு டப்பாவோடு வந்து, பளிச்சென்ற வெயிலில், தொட்டியை நோக்கி அந்தக் கோட்டைப் போட்டார். அன்றிலிருந்து கண்ணை மூடிச் சுற்றித் திசையைத் தொலைத்துவிட்டுத்தான் தொட்டியைத் தேடுகிறார். இதைச் செய்யச் சொல்லி எந்த விதியும் இல்லை.

நான் போன மூன்றாம் நாள் காலை, உலகம் புல்வெளியின் ஓரத்தோடு முடிந்துபோயிருந்தது. எங்கிருந்தோ ஒரு சைக்கிள் மணி வந்தது, சைக்கிள் வரவில்லை. இரண்டு வெப்பமானிகளும் ஒரே எண்ணில் நின்றன. அன்றைய முதல் விமானத்தில் அவர் மகள் வருகிறாள். கையில் ஏழு மாதக் குழந்தை. பேத்தியை அவர் கைபேசித் திரையில்தான் பார்த்திருக்கிறார். மகளுக்கு இங்கே ஒரே ஒரு நாள். மறுநாள் மாமியார் வீடு, அங்கிருந்தே வெளிநாட்டுக்குத் திரும்பிவிடுவாள், அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்து. இங்கே இறங்க முடியாத விமானம் எந்த ஊருக்குப் போகுமோ அந்த ஊரில்தான் மாமியார் வீடும் இருக்கிறது. தாத்தா ஆறு மணிக்கே வந்து வருகைக் கூடத்தில் முதல் நாற்காலியைப் பிடித்துவிட்டார்.

ஏழு பத்துக்கு மேலே சத்தம் கேட்டது. பனிக்கு மேலே நல்ல வெயில் அடிக்கும், ஜன்னலோரத்தில் குழந்தையின் முகத்தில் அது விழுந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே எதுவும் தெரியவில்லை. தொலைபேசியில் கோபுரத்துக்காரர், "இருபது நிமிஷம் மேலயே சுத்தறதுக்கு எண்ணெய் இருக்குக்கா. அதுக்குள்ள பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எட்டக்கா வெளியே போய்ச் சுற்றினார். கண்ணைத் திறந்தார். கை எழும்பவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி சுற்றினார். விளக்குக் கம்பம் மங்கலாக வந்திருந்தது. பனி இளகுகிறது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், கம்பளித் துண்டை அவிழ்த்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். உள்ளே தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். "கடைசியா ஒரு தரம் பாக்கச் சொல்லுங்க சார்" என்றார் கோபுரத்துக்காரர். அவர் குரலில் ஆசை இருந்தது. அவருக்கும் விஷயம் தெரியும்.

போய்ச் சொன்னேன். மூன்றாம் தடவை சுற்றி நின்று கண்ணைத் திறந்ததுமே எட்டக்காவின் கை விருட்டென்று நீண்டது.

"அதோ" என்றார்.

அவர் கை போன பக்கம் பார்த்தேன். வெள்ளைக்குள் கொஞ்சம் அழுத்தமாக, உயரமாக, தலை பருத்து ஒன்று நின்றது. சத்தியமாக நின்றது. "எனக்கும் தெரியுதுங்க" என்றேன்.

"உங்களுக்குமா?"

அவர் குனிந்தார். நானும் குனிந்தேன். வெள்ளைக் கோடு ஒரு பக்கம் போயிற்று. அவருடைய கை முழுசாக வேறு பக்கம் போயிற்று. அந்தத் திசையில் இருப்பது வெறும் தரிசு என்று முந்தைய இரண்டு நாளும் நானே பார்த்திருக்கிறேன்.

நீட்டிய கையை அவர் உடனே இறக்கவில்லை. "இல்லாத எடத்துல தொட்டி கட்டிட்டேன் சார்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இளகுகிற பனிதானே, எண்ணூறு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று வாய்வரை வந்தது. அந்தக் குழந்தை இருப்பது அதே விமானத்துக்குள்தான் என்பது அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு அது ஒரு நிமிஷமும் மறந்திருக்காது. உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தார்.

"ஐந்நூறு" என்றார்.

கோபுரத்துக்காரர் விடவில்லை. "நல்லாப் பாத்தீங்களாக்கா?"

"பாத்தேன் தம்பி. ஐந்நூறு. அனுப்பிடுங்க."

பதிவேட்டில் நேரம் எழுதினார், காற்று எழுதினார், ஐந்நூறு எழுதினார். எழுத்து எப்போதும் போல நேராகவே இருந்தது. கைபேசி அடித்தது, ஒலிபெருக்கியில் போட்டார். வருகைக் கூடத்திலிருந்து கணவர்.

"திருப்பி அனுப்பிட்டியா?"

"ம்."

"நானா இருந்தா லைட்டப் போட்டுக்கிட்டு மெதுவா ஓட்டிக்கிட்டு வந்திருப்பேன்."

"அவங்களால மெதுவா ஓட்ட முடியாதுங்க. வேகம் கொறஞ்சா விழுந்துடும்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. "சரி விடு. பனிகூட சம்பந்தி வீட்டுக் கட்சிதான் போல" என்றார் கணவர். எட்டக்கா சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவாகவோ ஆகப் பார்த்தது. கைபேசியைச் சட்டென்று மேசையில் கவிழ்த்து வைத்தார்.

சத்தம் இன்னொரு முறை சுற்றிக்கொண்டு தலைக்கு நேர் மேலே வந்தது. அவர் வேகமாக வெளியே போய்ப் புல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தார். வெள்ளைதான் தெரிந்தது. கையைத் தலைக்கு மேலே தூக்கி, கைக்குழந்தைக்குக் காட்டுவது போல, நான்கு விரல்களையும் மடக்கி மடக்கி விரித்துக்கொண்டே இருந்தார், சத்தம் தேய்ந்து முற்றிலும் இல்லாமல் ஆகும்வரை.