ஸ்டிக்கர் ஒட்டாத என் அம்பாசிடர்

2004-ல் துபாயிலிருந்து லீவில் வந்த மச்சினன், சாயம் போன என் பழைய அம்பாசிடரைப் பார்த்து முகம் சுளித்தான்.

"மாமா, அங்கல்லாம் கார் முழுக்க ஸ்டிக்கர் ஒட்டிடுறாங்க. புதுசு மாதிரி ஆயிடும்."

எனக்கும் ஆசை வந்தது. பெரம்பலூரில் பஸ்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டுபவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன்; மச்சினனும் கூட வந்தான். கதவோரத்தை அளக்க, அவர் முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கிடந்த சாக்கை விலக்கினார். இன்ஜின் சூட்டில் கால் காந்தாமலிருக்க, வருஷக்கணக்காக நான் நனைத்து விரித்த சாக்கு. அந்தக் கண்டுபிடிப்பில் எனக்குப் பெருமை வேறு.

"அண்ணே, இங்க பாருங்க. ரோடு தெரியுது."

ஈரத்தில் தகரம் துருப்பிடித்து, கால் நுழையும் அளவுக்கு ஓட்டை. முந்தின நாள்தான் என் மனைவி அதன்மேல் காலை வைத்துக்கொண்டு அரியலூர் போய் வந்திருந்தாள்.

மச்சினன் விடவில்லை. "ஓட்டைய அடைச்சுட்டு ஒட்டிக்கலாம் மாமா."

"ஒட்ட மாட்டேன்டா. நரைச்ச மண்டைக்கே மை பூசாதவன் நான். துரு வந்தா கண்ணுக்குத் தெரியட்டும்."

ஸ்டிக்கருக்கு வைத்திருந்த பணத்தில் அடித்தகரத்தை மாற்றினேன். கார் இன்னும் சொட்டை சொட்டையாகத்தான் நிற்கிறது. சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். இப்போது சாக்கு விரிப்பதில்லை. வாரம் ஒருமுறை தரையைக் கையால் அழுத்திப் பார்க்கிறேன். கால் காந்தத்தான் செய்கிறது. ஆனால் காருக்குள்ளேயே இருக்கிறது.